முப்பத்தொன்றாம் எண் வண்டி

ஆர்ஃபா ஹோக்லண்ட் பிறந்து வளர்ந்தது ஒரு ரயில் பெட்டியில். அமெரிக்காவின் இண்டியானாவில் ஊருக்கு ஊர் ஓடிய மின்சார வண்டி அது. பாதையை மூடியபோது சக்கரங்களைக் கழற்றிக்கொண்டு மரக்கூட்டை மட்டும் விற்றார்கள். ஒரு காலத்தில் அதே வண்டியை ஓட்டிய அப்பா எல்ட்ரெட், அதை வாங்கிச் சோளக்காட்டோரம் வைத்து வீடாக்கிவிட்டார்.

நல்ல மனிதர்தான். ஆனால் அவரோடு காரில் போவது பெரிய ரோதனை. சாலைச் சந்திப்பில் எதிர் வண்டி போய்விடும், மனிதர் அசையமாட்டார். "பின்னாடி இன்னொண்ணு வருதா பாரு" என்பார். பின்னால் ஹாரன் அலறும்.

"அப்பா, இங்கயே குடித்தனம் பண்ணப் போறோமா?" என்று ஆர்ஃபா கத்துவாள். ஊரே சிரித்தது. அவளும்தான் சிரித்தாள்.

எழுபது வயதைத் தாண்டியபின் அந்தப் பெட்டியை ரயில் அருங்காட்சியகத்துக்குச் சும்மாவே கொடுத்தாள். கேட்டது ஒன்றே ஒன்று: ஓட்டியவர் என்று அப்பாவின் பெயரைக் கதவருகே எழுத வேண்டும்.

சனிக்கிழமைகளில் சம்பளமில்லாமல் வந்து பெயின்ட் சுரண்டும் கூட்டத்துக்கு நார்பர்ட் தலைவன். ஆர்ஃபா அவர்களுக்காக ஆப்பிள் பை சுட்டு எடுத்துக்கொண்டு போன ஒரு நாள், 44 என்ற எண்ணுக்கு அடியில் 31 தெரிந்தது.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"31 மோதின வண்டிம்மா. ஏழு பேர் செத்தாங்க. ஜனங்க ஏறமாட்டாங்கன்னு ரிப்பேர் பண்ணி நம்பரை மாத்திட்டாங்க. பழைய பேப்பர்ல படிச்சிருக்கேன்."

"ஓட்டினது யாரு?"

நார்பர்ட் தலையைக் குனிந்துகொண்டான். "உங்கப்பா."

ஒற்றைப் பாதை. சந்தைக் கூட்டத்துக்காக அன்று எதிர் வண்டியை இரண்டாக விட்டிருந்தார்கள். முதலில் வருவது பச்சைக் கொடி கட்டியிருந்தால், பின்னால் இன்னொன்று வருகிறது என்று அர்த்தம். எல்ட்ரெட் பக்கத்துப் பாதையில் ஒதுங்கித்தான் நின்றார். முதல் வண்டி கடந்தது. கொடியைக் கவனிக்காமல் கிளம்பிவிட்டார்.

ஆர்ஃபா பெயின்ட் டப்பாமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். "அட மனுஷா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நானும்ல சேர்ந்து சிரிச்சேன்" என்று வாய்விட்டு அழுதாள்.

"44-ன்னே எழுதிடலாம்மா. 31-ன்னு எழுதினா உங்கப்பா பேர் வேணாம். செத்தவங்க சொந்தக்காரங்க இன்னும் இங்கதான் இருக்காங்க."

அவள் எழுந்து போனாள். அடுத்த சனிக்கிழமை வெறுங்கையோடு வந்தாள். "31 போடு. பேரையும் போடு. மறைச்சு மறைச்சே அந்த மனுஷன் போய்ச் சேர்ந்தாரு. போதும்பா."

வேறு சக்கரங்கள் பூட்டி முதன்முதலாக ஓடவிட்ட அன்று கதவருகே பெயரைப் படித்த ஒரு கிழவர், "இதுலயா நான் ஏறுவேன்?" என்று திரும்பிப் போய்விட்டார். ஆர்ஃபாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் ஏறினாள், வண்டியை ஓட்டும் நார்பர்ட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

ஒதுங்கு பாதையில் வண்டி நின்றது. அருங்காட்சியகத்தின் இன்னொரு வண்டி எதிரே வந்து கடந்து போனது. நார்பர்ட் கைப்பிடியைத் திருப்பப் போனான். அவன் தோளை அவள் இறுகப் பிடித்தாள்.

"இருப்பா. பின்னாடி இன்னொண்ணு வருதா பாரு."

"இன்னிக்கு ரெண்டே வண்டிதான்மா."

"பாருன்னேன்ல!"

நார்பர்ட் கைப்பிடியை விட்டான். எழுந்து நின்று வெறும் பாதையைப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.