அத்தை உட்கார்ந்திருந்த திசை

பாண்டுப் ஸ்டேஷனில் ஸ்லோ ட்ரெயின் நிற்கும் அந்தச் சில நொடிகளில் நான் லேடீஸ் டப்பாவின் வாசலுக்கு வந்துவிடுவேன். இறங்கப் போகிறாள் என்று நினைத்துப் பின்னால் நிற்பவர்கள் முட்டுவார்கள். இறங்கவில்லை என்று தெரிந்ததும் திட்டுவார்கள். பிளாட்பாரத்தில் என் அத்தை நிற்கமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். அவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்பதே தெரியாது. ஆனாலும் எட்டிப் பார்க்கிறேன். அவளைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்பாவின் கடைசித் தங்கை அவள். தாராவியில் எங்களுடைய ஒற்றை அறை வீட்டில் கீழே அப்பாவும் அம்மாவும் படுப்பார்கள், மேலே பரணில் நானும் அத்தையும். தோல் பை தைக்கும் பட்டறையில் ஜிப் வைக்கிற வேலை அவளுக்கு. எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அந்த வேலை திடீரென்று நின்றது. அவளுடைய போன் அப்பாவின் சட்டைப் பைக்குப் போனது. பாண்டுப்பிலிருந்து அதே பட்டறைக்கு வேலைக்கு வந்துபோன ஒருவரைக் கட்டிக்கொள்ள அவள் ஆசைப்பட்டாள். அவரும் திருநெல்வேலிப் பக்கம்தான், ஆனால் கிறிஸ்தவர். அப்பாவோ ஊரில் சொந்தத்திலேயே மாப்பிள்ளை பார்த்து, தை மாதம் கல்யாணம் என்று பேசியும் முடித்திருந்தார். எல்லாம் பரணில் படுத்தபடியே என் காதில் விழுந்தவை. எனக்கு அவை பெரிய விஷயமாகப் படவில்லை. எனக்குப் பெரிய விஷயம் டேக்வாண்டோ பெல்ட்.

வீட்டைவிட்டு வெளியே போக அத்தைக்கு மிஞ்சிய ஒரே காரணமும் அதுதான். முனிசிபாலிட்டிப் பள்ளிக்கூடத்து மாடி ஹாலில் நடந்த வகுப்புக்கு அவள் என்னைக் கூட்டிப் போய்க் கூட்டி வருவாள். எனக்குத் துணைக்கு ஆள் வருகிறது என்று நான் பெருமையாக முன்னால் நடப்பேன். திரும்பி வந்ததும் அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "அத்த ஒங்கூடவேதான இருந்தா?" என்று கேட்பாள். ஆமாம் என்பேன். யாருக்கு யாரைத் துணையாக அனுப்பினார்கள் என்பது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆனது.

பிளாக் பெல்ட்டுக்கு நான் செய்து காட்ட வேண்டிய பூம்சேக்குக் கோர்யோ என்று பெயர். பூம்சே என்பது எதிரே ஆள் இல்லாமல், இருப்பதாக நினைத்துக்கொண்டு செய்யும் அடியும் தடுப்புமான ஒரு வரிசை. கோர்யோ பழைய கொரிய ராஜ்யத்தின் பெயர் என்றும், அதைச் செய்யும்போது கால்கள் போகிற வழியைத் தரையில் கோடாக இழுத்தால் 'கற்றவன்' என்று பொருள் தரும் எழுத்து வரும் என்றும் சார் ஹிந்தியில் விளக்கினார். கறுப்பு வெள்ளைக்கு எதிர், இருட்டுக்கும் பயத்துக்கும் அசையாதவர்கள் கட்டுவது என்றார். பதினைந்து வயது ஆகாதவர்களுக்கு மட்டும் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. வீட்டுக்கு வரும் வழியில் அத்தை சிரித்தாள். "ராத்திரி என் கையப் புடிச்சிக்கிட்டுத்தான ஒறங்குத. அப்பம் ஒனக்குப் பாதி போதும்ட்டி."

கற்றவன் எழுத்தெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை. நான் அந்த மாடியைத்தான் மனப்பாடம் செய்திருந்தேன். தண்ணீர் டாங்கிப் பக்கம் உதை, உடைந்த பெஞ்சுகள் பக்கம் கத்தி வெட்டு, வாசல்படிப் பக்கம் குத்து. வாசல்படியில் அத்தை உட்கார்ந்திருப்பாள், மற்ற பிள்ளைகளின் அம்மாக்களோடு. ஆரம்பத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு முன்னால் மெல்லத் தள்ளி, நடுவிலுள்ள இடைவெளி வழியாக நேரே பார்க்க வேண்டும். மனசில் கிடப்பதையெல்லாம் தள்ளிவிடுவதாக அர்த்தம் என்பார் சார். அந்த இடைவெளியில் எனக்கு எப்போதும் அத்தைதான் தெரிவாள்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது சார் எங்களை ஜன்னல் பக்கம் திருப்பி நிற்கவைத்தார். நான் டாங்கியைத் தேடி உதைத்த உதை, பக்கத்தில் நின்ற மராத்திப் பெண்ணின் இடுப்பில் விழுந்தது. அவள் அழுதாள், பிறகு நானும் அழுதேன். இப்படி இருந்தால் செம்பூரில் நடக்கும் பரீட்சையில் எப்படித் தேறுவாய் என்று சார் தலையில் அடித்துக்கொண்டார்.

அன்று பரணில் அத்தை சொன்னாள்: "எதுக்குட்டி அழுவுத? எந்த ஹால்னாலும் நான் ஒனக்கு நேரா வந்து உக்காந்துக்கிடுதேன். என்னையப் பாத்து ஆரம்பி. என்னையப் பாத்தே முடி. மத்ததெல்லாம் தன்னால வந்துரும்."

அதற்குப் பிறகு எனக்குப் பயமே இல்லை.

செம்பூரில் பரீட்சைக்கு வாடகைக்கு எடுத்திருந்தது ஒரு கல்யாண ஹால். அப்பா டிராம்பேயில் ஷிப்ட் முடிந்து நேரே அங்கு வருவதாகச் சொல்லியிருந்தார். காலையிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மத்தியானம் தாண்டியும் என் பெயர் வரவில்லை. அத்தை சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள், வாசலைப் பார்ப்பாள், பிறகு என் தலைமுடியை அவிழ்த்து மறுபடி பின்னுவாள். பின்னிய ஜடையையே எத்தனை தரம்தான் பின்னுவது என்று நான் சிணுங்கினேன். மராத்திப் பெண்ணின் அம்மாவிடம் அத்தை ஹிந்தியில் ஏதோ மெதுவாகச் சொன்னாள். அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

என்னைக் கூப்பிட்டதும், தேர்வாளர்களின் மேஜைக்குப் பின்னால், எனக்கு நேராக அத்தை தன் பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். சொன்ன சொல் தவறவில்லை. கைகளின் இடைவெளியில் அவளைப் பார்த்து ஆரம்பித்தேன். டாங்கியும் இல்லை, பெஞ்சும் இல்லை. ஆனாலும் கால்கள் தானாகப் போயின.

கோர்யோவில் பாதிக்கு மேல் வந்த பிறகு ஓரிடத்தில் வேகமெல்லாம் அடங்கிவிடும். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, பெரிய வட்டமாக விரித்து, அடிவயிற்றுக்கு முன்னால் மெதுவாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அப்போது முகம் முன்பக்கம் இருக்கும். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது. நான் நன்றாகச் செய்வதால்தான் என்று நினைத்து, வட்டத்தை இன்னும் கொஞ்சம் மெதுவாகச் செய்தேன்.

அடுத்த அசைவில் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்ப வேண்டும். வந்த கோட்டிலேயே வெட்டும் தடுப்புமாகப் போய், ஒரு கத்தல் கத்தி, ஆரம்பித்த இடத்தில் நின்று முன்னால் திரும்பினேன். நாற்காலி காலியாக இருந்தது.

பாத்ரூம் போயிருப்பாள், காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். தேறியவர்களுக்கு அங்கேயே பெல்ட் கட்டிவிட்டார்கள். பாதி சிவப்பும் பாதி கறுப்புமாக இடுப்பில் விறைத்து நின்றது அது. ஓடிப் போய் அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். கூட்டத்தில் ஒரு ஆண்ட்டி அதில் உட்காரப் பார்த்தார். லோக்கலில் கைக்குட்டை போட்டு சீட் பிடிக்கிற ஊரில் பிறந்தவள் நான். இடுப்பிலிருந்த புது பெல்ட்டை அவிழ்த்து நாற்காலியில் போட்டேன். "யஹான் கோயி பைட்டா ஹை, ஆண்ட்டி," இங்கே ஆள் இருக்கிறது என்றேன். அவர் போய்விட்டார். பிறகு வந்தவர்களிடமும் அதையே சொன்னேன். மராத்திப் பெண்ணின் அம்மா வடாபாவ் வாங்கிக் கொடுத்தார். அத்தைக்குப் பாதியை எடுத்து வைத்தேன்.

அப்பா வந்தபோது ஹாலில் மற்ற நாற்காலிகளையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அத்த எங்கட்டி?"

"பாத்ரூம் போயிருக்காப்பா. இப்பம் வந்துருவா."

அப்பா நாற்காலியையும் அதன்மேல் கிடந்த பெல்ட்டையும் பார்த்தார். இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தவர் போலக் களைத்திருந்தார். அந்த நாற்காலியில் உட்காரப் போனார். நான் குறுக்கே கையை நீட்டித் தடுத்தேன்.

பாண்டுப்காரர் அன்று காலையிலிருந்தே கீழே ரோட்டில் ரிக்‌ஷாவோடு காத்திருந்தார் என்பது பின்னால் வீட்டில் பேச்சு வாக்கில் தெரிந்தது. அத்தை எப்போது வேண்டுமானாலும் இறங்கிப் போயிருக்கலாம். அப்பா வரும் நேரம் நெருங்கியும், பிடிபட்டால் தை மாதம் ஊரில் கழுத்தை நீட்டியாக வேண்டும் என்று தெரிந்தும், என் பெயரைக் கூப்பிடும்வரை அவள் உட்கார்ந்தே இருந்தாள். அன்றைக்கு இது எதுவும் எனக்குத் தெரியாது. "இங்கன ஆள் இருக்குப்பா," என்றேன் அப்பாவிடம்.