வாய் திறக்காத கழித்தல் குறி

லண்டனின் தெற்கே சட்டனில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கல்லூரிகளுக்குக் கணினிப் பரீட்சைகளைத் தயாரித்துக் கொடுக்கிற சிறிய நிறுவனம். ஆசிரியர்கள் கையால் எழுதி அனுப்புகிற கணக்குக் கேள்விகளைப் பரீட்சை மென்பொருளுக்குள் ஏற்றுவது என் வேலை. ஆறு வருடமாக அதைச் செய்துகொண்டிருந்தேன்.

அந்த மென்பொருளில் சமன்பாடுகளுக்கென்று ஒரு பெட்டி உண்டு. திறந்தால் பின்னம், வர்க்கமூலம், அடுக்கு என்று வரிசையாகப் பொத்தான்கள். பின்னத்தை அழுத்தினால் நடுவில் ஒரு கோடும் மேலும் கீழும் இரண்டு வெற்றுக் கட்டங்களும் தோன்றும். அவற்றை நிரப்ப வேண்டும். முறையான வழி அதுதான். ஆனால் பெட்டி மெதுவாகத்தான் திறக்கும். அவசரமான நாட்களில் நான் அந்தப் பக்கமே போவதில்லை. x-ஐத் தட்டி, பக்கத்தில் 2-ஐத் தட்டி, அந்த இரண்டைச் சிறிதாக்கி மேலே தூக்கிவிடுவேன். கழித்தலுக்கு விசைப்பலகையில் இருக்கிற சின்னக் கோடு. பெரிய சமன்பாடென்றால் வேறிடத்தில் செய்து, படமாக வெட்டி ஒட்டிவிடுவேன். திரையில் எல்லாம் அச்சுப் புத்தகம் போல இருக்கும். என் மேலாளர் ஓர் ஆங்கிலப் பெண்மணி, சும்மா புகழ்கிறவர் அல்ல. அவரே என் பக்கங்கள்தான் மிகச் சுத்தம் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் பெருமை இருந்தது.

ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டார். குரொய்டனில் ஒரு கல்லூரியில் பார்வையற்ற ஒருவர் கணக்கு நுழைவுப் பரீட்சை எழுதப் போகிறார். அதற்கு முன் நம்முடைய மாதிரித் தாளை ஒருமுறை செய்து பார்க்க விரும்புகிறார். நீ போய்ப் பக்கத்தில் இரு, ஏதாவது குறை இருந்தால் குறித்துக்கொண்டு வா என்றார். குறை ஏதும் இருக்காது என்ற நினைப்பில்தான் என் வீடு இருக்கிற தோர்ண்டன் ஹீத்தில் நான் பஸ் ஏறினேன்.

பரீட்சை எழுதப் போகிறவருக்கு ஐம்பது வயது இருக்கும். தோள் அகன்ற மனிதர். கணினியின் முன்னால் திரையைச் சரியாகப் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தார். விசைப்பலகைக்குக் கீழே ஒரு முழ நீளத்தில் பிரெயில் பட்டை. அதில் நுண்ணிய முனைகள் எழும்பியும் தாழ்ந்தும் எழுத்துகளாக மாறிக்கொண்டிருந்தன. நான் ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லி இரண்டு வசனம் பேசியிருக்க மாட்டேன்.

"தமிழோ?" என்றார்.

"ஓம். எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"பிள்ளை கதைக்கிற இங்கிலீஷில யாழ்ப்பாணம் நிக்குது."

ஆறு வயதில் காய்ச்சலில் கண் போனதாகச் சொன்னார். பிறகு ஜெர்மனிக்குப் போய், அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் தசைப்பிடிப்புக்கு உருவிவிடும் வேலையில் இருபது வருடம் இருந்திருக்கிறார். மனைவியின் ஆட்கள் இங்கே இருந்ததால் லண்டனுக்கு மாறினார்கள். கை மூட்டுகள் தேய்ந்துபோக, வேலையை விட வேண்டியதாயிற்று. "இனி மூளையைத்தான் உருவ வேணும்" என்றார். அவருக்குக் கணினித்துறை படிக்க ஆசை. அதற்கு இந்தக் கணக்குப் பரீட்சையில் தேற வேண்டும்.

நானும் கேட்கட்டும் என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஒலியைக் கூட்டினார். திரையில் இருப்பதை வாசிக்கிற மென்பொருள் முதலாம் கேள்வியைப் படித்தது. எக்ஸ் இரண்டு, ஐந்து எக்ஸ், கூட்டல் ஆறு, சமன் பூச்சியம்.

எனக்கு முகம் சுட்டது. நான் மேலே தூக்கிவைத்த இரண்டு அதற்கு வெறும் இரண்டு. விசைப்பலகைக் கோட்டை அது வாசிக்கவே இல்லை.

"அண்ணை, அது வந்து..." என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"பொறுங்கோ. சோதினையில நீங்கள் பக்கத்தில இருக்க மாட்டியள்தானே." கொஞ்சம் யோசித்தார். "எக்ஸ் ரெண்டெண்டது எக்ஸ் வர்க்கமாத்தான் இருக்கும். பேந்து அஞ்சு எக்ஸுக்கு முன்னால ஏதோ ஒண்டு நிக்குது. கூட்டலெண்டால் வாசிச்சிருக்கும், ஆறுக்கு வாசிச்சதுதானே. அப்ப வாய் திறக்காதது கழித்தல். விடை ரெண்டும் மூண்டும்."

சரியான விடை. நான் தொலைத்துவிட்ட இரண்டு குறிகளையும் இல்லாத இடத்திலிருந்து கண்டுபிடித்து, அதன்மேல் கணக்கையும் முடித்திருந்தார்.

அடுத்த கேள்விக்குப் போனார். மென்பொருள் ஒரே சொல்தான் சொன்னது: படம். அவர் காத்திருந்தார். மறுபடி அழுத்தினார். படம்.

"இதுக்கு என்னாலயும் ஏலாது, பிள்ளை" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அந்தத் தாளில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் நான் சமன்பாட்டுப் பெட்டியில் ஒழுங்காகச் செய்திருந்தேன். ஏன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை. அன்று வேலை குறைவாக இருந்திருக்கலாம். அவர் அதற்கு வந்தபோது கணினி வேறு மாதிரிப் பேசியது. பின்னம் தொடக்கம். வர்க்கமூலம் தொடக்கம், மூன்று எக்ஸ் கூட்டல் நான்கு, வர்க்கமூலம் முடிவு, கூட்டல் இரண்டு. கீழே மூன்று. பின்னம் முடிவு. சமன் இரண்டு.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். விரல்கள் பட்டையின்மேல் ஒருமுறை இடமிருந்து வலமாகப் போயின, மறுபடி வந்தன, ஓரிடத்தில் நின்றன.

"எக்ஸ் நாலு" என்றார். பிறகு சிரித்தார். "இது வடிவான கணக்கு. ஆர் செய்தது?"

"நான்தான்."

"அப்ப உங்களுக்கு ஏலும்!"

வர்க்கமூலம் என்றதும் அவர் மனதில் என்ன வருகிறது என்று கேட்டேன். கேட்கலாமா என்று தயங்கித்தான் கேட்டேன். அந்தக் குறியை அவர் கண்டதே இல்லை. "ஒரு அறைக்குள்ள போற மாதிரி" என்றார். "உள்ள ஆர் ஆர் நிக்கினமெண்டு பாக்கிறன். முடிவு எண்டு கேட்டால் வெளியில வந்து கதவைச் சாத்துறன்." இத்தனை வருடம் நான் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கோட்டுக்கு உள்ளே நடமாட இடம் இருக்கிறது என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பி மேலாளரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். நான் செய்த தாள்கள் எல்லாவற்றையும் மறுபடி திறந்து திருத்த வேண்டும் என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, எவ்வளவு காலம் எடுக்கும் என்று மட்டும் கேட்டார். மூன்று வாரம் என்றேன். ஐந்து கிழமை எடுத்தது.

ஒவ்வொரு சமன்பாட்டையும் பெட்டிக்குள் புதிதாகக் கட்டினேன். கட்டி முடித்ததும் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டேன். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. நாலு சொல்லுக்குள் எங்கே நிற்கிறேன் என்று தவறிவிடும். பென்சிலை எடுக்கக் கை போகும். இந்த இருட்டில் அந்த மனிதர் கணக்கையும் செய்கிறார் என்று நினைக்க நினைக்க வியப்புக் கூடியதே தவிர குறையவில்லை. மூன்றாம் கிழமை ஒரு கேள்வியில் 'வர்க்கமூலம் முடிவு' ஒரு சொல் முந்தி வந்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன். குறியின் மேற்கோடு கடைசி எண்ணுக்குமேல் நீளாமல் மயிரிழையில் நின்றுபோயிருந்தது. பழைய தாளிலும் அப்படியேதான் இருந்தது; மூன்று பேர் சரிபார்த்த கேள்வி அது. எங்கள் கண்ணுக்கெல்லாம் தப்பியதைக் காது பிடித்துவிட்டது.

திருத்திய மாதிரித் தாளை அவர் மறுபடி செய்து பார்த்தார். நான் அறையின் மறுகோடியில் ஒரு கதிரையில் இருந்தேன். ஒன்றரை மணித்தியாலம் அவர் என்னை ஒன்றுமே கேட்கவில்லை.

ஆனி மாதத்தில் உண்மையான பரீட்சை நடந்தது. பரீட்சை அறைக்குள் எனக்கு அனுமதி இல்லை. முடிவு வந்த அன்று நான் மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"பாஸ், பிள்ளை. செப்டம்பரில வகுப்பு."

கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் கத்தியிருக்க வேண்டும்.

"ஆனால் பன்னிரண்டாம் கேள்வியில நல்லாக் கஷ்டப்பட்டனான்" என்றார்.

கையிலிருந்த முருங்கைக்காயைக் கீழே வைத்தேன். "ஏன் அண்ணை, சமன்பாடு சரியா வாசிக்கேல்லையோ?"

"சேச்சே, அது அச்சொட்டா வாசிச்சுது. கணக்குத்தான் கஷ்டம். அங்க இருந்த எல்லாருக்கும் கஷ்டமாம்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எவரிடமும் கேட்டதில்லை.