மேசைமேல் இரண்டு டப்பா

ஆர்டிஸ் கோல்பெர்க்குக்கு அளவு தப்பாது. அமெரிக்காவில், எங்கள் விஸ்கான்சின் பக்கத்துச் சின்ன ஊரில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் அவள் இறைச்சிக் குழம்பு வைத்தால் முதல் தட்டுக்கும் கடைசித் தட்டுக்கும் உப்பு ஒரே மாதிரி இருக்கும். வீட்டு நிலவறையில் அவள் இன்னொரு சமையலும் செய்தாள். சுட்டு முடித்த தோட்டாக்களின் வெற்றுக் குப்பிகளைப் பொறுக்கி வந்து கழுவி, அடியில் பொறி தட்டுகிற புதுக் கேப்பு வைத்து, வெடிமருந்து நிரப்பி, மேலே குண்டைச் சொருகி, மறுபடி தோட்டாவாக்கிவிடுவாள். எல்லாம் அவளுக்கும் கணவன் லைலுக்கும் மட்டும். நவம்பர் மாதம் மான் வேட்டைக்குப் போகும்போது இரண்டு பேருமே அதைத்தான் போட்டுச் சுடுவார்கள்.

வெளியே யாருக்கும் கொடுத்ததில்லை, யாரும் கேட்டதுமில்லை. அடுத்தவர் அடைத்த தோட்டாவை எங்கள் பக்கத்தில் தொட மாட்டார்கள். அடுத்தவர் பல் தேய்த்த பிரஷ்ஷை எடுத்து வாயில் வைப்போமா? அது மாதிரிதான்.

அந்த வேலைக்கு ஆர்டிஸ் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். மேசைமேல் ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அலமாரிக்குள், கதவு சாத்தி. ரைபிள் மருந்து நின்று எரியும். கைத்துப்பாக்கி மருந்து ஒரே மூச்சில் பற்றிக்கொள்ளும். ரைபிள் தோட்டாவில் அதை நிரப்பினால் துப்பாக்கி சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கும். இரண்டும் பார்வைக்குக் கருஞ்சாம்பல் பொடி, இரண்டும் ஒரே கம்பெனியின் கறுப்பு டப்பா, ஒட்டிய சீட்டில் எண் மட்டும்தான் வேறு. அதனால்தான் அந்தக் கட்டுப்பாடு. முப்பது வருஷம் அவள் அதை மீறவில்லை.

பிறகு அந்தக் குளிர்காலம் வந்தது. அரசாங்கம் புதுச் சட்டம் கொண்டுவரப் போகிறது, துப்பாக்கியெல்லாம் போய்விடும், தோட்டாவுக்கு வரி வரப்போகிறது என்று ஆளாளுக்கு ஒன்றைக் கிளப்பிவிட்டார்கள். எவன் சொன்னான், எங்கே சொன்னான் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. கடைகளில் தோட்டா அலமாரி துடைத்துவிட்ட மாதிரி காலியானது. எங்கள் ஊர்க் கண்காட்சித் திடலில், கோடையில் பன்றிக்கும் பசுவுக்கும் பரிசு கொடுக்கிற அதே கொட்டகையில், மாதம் ஒரு தடவை துப்பாக்கிச் சந்தை நடக்கும். லைல் அங்கே பழைய கத்தியும் மரவாத்துப் பொம்மையும் பரப்பிவைத்து ஈ ஓட்டிக்கொண்டிருப்பான். அந்த ஜனவரியில் பார்த்தால், வாசலிலிருந்து பனிமேட்டைத் தாண்டிச் சாலை வரைக்கும் வரிசை. பதினைந்து டாலர் தோட்டாப் பெட்டி நாற்பத்தைந்து. அதுவும் பகல் சாப்பாட்டுக்கு முன்னால் தீர்ந்துபோனது.

லைலின் மேசைக்கடியில் ஆர்டிஸ் தன் தோட்டாப் பெட்டி ஒன்றை வைத்திருந்தாள். சந்தை முடிந்து சுடுகளத்துக்குப் போகலாம் என்று கொண்டுவந்தது. அதைக் கெண்ட்ரா பார்த்துவிட்டாள். கெண்ட்ரா ஒரு காலத்தில் ஆர்டிஸ் கையால் சாப்பிட்டு வளர்ந்த பள்ளிக்கூடப் பிள்ளை. இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள்.

"மிசஸ் கோல்பெர்க், அது முப்பது-முப்பது ரைபிள் தோட்டாதானே? எனக்குக் குடுங்களேன்."

"ஐயோ, அது நான் அடைச்சதும்மா."

"நீங்க அடைச்சதுன்னா கண்ண மூடிட்டு வாங்குவேன். பன்னெண்டு வருஷம் நீங்க போட்டதத்தானே தின்னேன், செத்தா போனேன்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். 'சமையல்காரம்மா தோட்டாவா? எனக்கும் ஒண்ணு' என்று பின்னாலிருந்து ஒரு குரல். லைல் அவள் முழங்கையைப் பிடித்து, "வேணாம் ஆர்டிஸ், நமக்கு எதுக்கு?" என்றான். அவள் கேட்கவில்லை, பெட்டியை எடுத்துக் கெண்ட்ரா கையில் கொடுத்தாள். உண்மையைச் சொன்னால் பணம் அவளுக்குப் பெரிதில்லை. தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் அவளுக்காக வரிசையில் நின்றதே கிடையாது. உச்சி குளிர்ந்துபோனது.

பிப்ரவரிச் சந்தைக்குப் பத்துப் பெட்டி செய்வது என்று உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நிலவறைக்குள் போய்விடுவாள். பெட்டியின் மூடியில் பட்டையாக ஒரு தாளை ஒட்டி, 'ஆர்டிஸ்' என்று தன் கையெழுத்தில் எழுதவும் ஆரம்பித்தாள். மருந்து கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போய், குளிரில் நின்று, யானை விலை கொடுத்து ரைபிள் மருந்தில் இரண்டு டப்பாவும் கைத்துப்பாக்கி மருந்தில் ஒன்றும் வாங்கிவந்தாள். வாங்கிவந்த பெருமையில் மூன்றையும் மேசைமேலேயே வைத்தாள். அலமாரிக்குள் வைக்க மனசு வரவில்லை. புது நகையை யாராவது உடனே பெட்டிக்குள் பூட்டுவார்களா? அடைக்கிற வேலையில் ஒரு டப்பா தீர்ந்தது. மேசைமேல் இரண்டு நின்றன.

வியாழக்கிழமை ஒரு பெட்டிக்கான குப்பிகளை வரிசையாக வைத்துவிட்டு, நிரப்புகிற கருவியில் மருந்து கொட்டப் போகும் நேரத்தில் போன் அடித்தது. பக்கத்துப் பண்ணைவீட்டு டெல்மர். பால் லாரி ஓட்டுகிறவன்.

"ஆர்டிஸ், எனக்கு ஒரு பெட்டி ஒதுக்கி வையி. ஊரே ஒன் பேச்சுதான் போ!"

"சும்மா இருடா, ஐஸ் வைக்காத."

சிரித்துக்கொண்டே வந்தாள், டப்பாவைத் திறந்தாள், கொட்டினாள். பாட்டு ஒன்று முணுமுணுத்துக்கொண்டே இருபது தோட்டாவையும் முடித்துப் பெட்டியில் அடுக்கினாள்.

சனிக்கிழமை சந்தை திறந்து ஒரு மணி நேரத்துக்குள் பத்துப் பெட்டியும் போய்விட்டது. பெட்டி நாற்பது டாலர். கெண்ட்ரா மூன்று வாங்கினாள், டெல்மர் ஒன்று, மீதியெல்லாம் முகம் தெரியாத ஆட்கள். மறுநாளும் சந்தை உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்குக் கைத்துப்பாக்கித் தோட்டா கொஞ்சம் செய்யலாமே என்று அன்று சாயங்காலம் நிலவறைக்குப் போய், இன்னும் தொடாத அந்த டப்பாவை எடுத்தாள்.

மூடியின் முத்திரை கிழிந்திருந்தது.

ரைபிள் மருந்தின் இரண்டாவது டப்பாவைத் திறந்தாள், தட்டில் வைத்து நிறுத்தாள். கணக்குக்கு மேல் ஒரு பெட்டி அளவு மருந்து மிச்சமிருந்தது. இருக்கவே கூடாது. கைத்துப்பாக்கி டப்பாவில் அதே அளவு குறைந்திருந்தது. இருபது தோட்டா. ஒரே பெட்டி. எது என்று தெரியாது. எல்லா மூடியிலும் அவள் பெயர் அழகாக இருந்தது.

மேலே வந்து போனைக் கையில் எடுத்தாள். டெல்மர் எண் அவளுக்கு மனப்பாடம். கெண்ட்ரா எண்ணும் தெரியும். சந்தை நடத்துகிறவரின் எண் சுவரிலேயே ஒட்டியிருந்தது. டெல்மரிடம் சொன்னால் விடிவதற்குள் பால் கறக்கிற வீடெல்லாம் தெரிந்துவிடும். 'அளவு தப்பாதாம், பெரிய இவ' என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர்கள் என்ன நினைப்பார்கள்? யாரும் ராத்திரியில் சுடப் போவதில்லை, காலையில் நேரில் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று போனை வைத்துவிட்டாள். அப்படித்தான் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் வாழ்நாளில் ஒரு போனையும் நிம்மதியாகக் கீழே வைக்கவில்லை.

லைலிடம் காலைச் சாப்பாட்டின்போதுதான் சொன்னாள். அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தான்.

"நேத்தே தெரியுமா ஒனக்கு?"

"சாயங்காலம் தெரிஞ்சுது."

"கோட்டப் போடு" என்றான். வழியெல்லாம் சாலையையே பார்த்து வண்டி ஓட்டினான். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம்.

சந்தை நடத்துகிறவர் ஒலிபெருக்கியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். "நான் ஆர்டிஸ் கோல்பெர்க்" என்றாள். "நேத்து நான் வித்த பத்துப் பெட்டி முப்பது-முப்பது தோட்டாவுல ஒரு பெட்டிக்குத் தப்பு மருந்து போட்டுட்டேன், எதுன்னு தெரியல. சுட்டா துப்பாக்கி வெடிச்சிரும். தயவுசெஞ்சு யாரும் சுடாதீங்க. திருப்பிக் குடுத்துருங்க, காசு தந்துர்றேன்." பிறகு யாரோ பின்வரிசையில், "அப்ப நாளைக்குப் பள்ளிக்கூடச் சாப்பாட்டச் சாப்பிடலாமா, இல்ல அதுலயும் மருந்தா?" என்று கேட்க, ஒரே சிரிப்பு. அவளும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

கெண்ட்ரா வீட்டுக்கு ஓடிப்போய் மூன்று பெட்டியையும் கொண்டுவந்து கொடுத்தாள். காசு வாங்க மாட்டேன் என்றாள். "இது எல்லாருக்கும் நடக்குறதுதான், மிசஸ் கோல்பெர்க்." கட்டிப்பிடித்தாள். அந்தக் கட்டிப்பிடிப்பு ஆர்டிஸுக்குத் தாங்கவில்லை.

பெட்டியை வண்டியிலேயே வைத்துக்கொண்டு இரண்டாம் நாளும் தோட்டா தேடி வந்திருந்த மற்றவர்கள் அப்படியில்லை. கேட்டால் உங்களுக்கு நம்பிக்கை வராது. முகத்தில் வெடிக்கும் என்று சொல்லியும் ஒருவன் பெட்டியைத் திருப்பித் தர மாட்டேன் என்றான்.

"அடுத்த மாசம் இதுவும் கெடைக்காதும்மா. இருந்துட்டுப் போகட்டும்."

"அது வெடிச்சா ஒன் கண்ணு போயிரும்ப்பா."

"பத்துல ஒண்ணுதானே தப்பு? என்னுது நல்லதா இருக்கும்."

"சூதாடுறதுக்கு ஒன் மூஞ்சிதானா கெடைச்சுது?"

"சரி, எண்பது குடு. தந்துர்றேன்."

நாற்பதுக்கு விற்றதை எண்பதுக்கு வாங்கினாள். அதைப் பார்த்துவிட்டு அடுத்தவன் தொண்ணூறு கேட்டான். அதையும் கொடுத்தாள். லைல் பணப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றான். மதியத்துக்குள் ஒன்பது பெட்டி திரும்பி வந்துவிட்டது. பாக்கி டெல்மருடையது ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்காரன்தானே என்று கடைசிக்கு விட்டிருந்தாள். அவன் வறுத்த சீஸ் பொட்டலத்தோடு உள்ளே வந்தான். அவள் சொன்னதைக் கேட்டதும் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"ஆர்டிஸ்... அது எங்கிட்ட இல்லியே."

"இல்லைன்னா?"

"காலைல வரிசையில நின்னுட்டிருந்தப்போ ஒருத்தன் அறுபது தாரேன்னான். வண்டில கெடந்தத எடுத்துக் குடுத்துட்டேன். அவன் உள்ள வரவே இல்ல, வாங்கிட்டு அப்படியே வண்டி ஏறிட்டான்."

"யாருடா அவன்?"

"எனக்கென்ன தெரியும்? தாடி வச்சிருந்தான். நல்ல ஆளாத்தான் தெரிஞ்சான். ஆர்டிஸ் அடைச்சது, தங்கம்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்." பிறகு மெதுவாக, "நேத்தே ஒரு போன் போட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனே" என்றான். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவன் பாட்டுக்குச் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நிலவறைக்குப் போனாள். ஒவ்வொரு தோட்டாவாகக் குண்டைப் பிடுங்கி, மருந்தை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தாள். எங்கே ஒன்றாவது கைத்துப்பாக்கி மருந்தாக இருந்துவிடாதா என்று பார்த்தாள். முதல் பெட்டி நல்லது. இரண்டாவதும் நல்லது. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க அவள் இன்னும் வேகமாகப் பிடுங்கினாள். கெண்ட்ராவின் மூன்றும் நல்லது. எண்பது கேட்டவனுடையதும் நல்லது, அவன் சூதில் ஜெயித்துவிட்டான். ஒன்பதாவது பெட்டியின் கடைசித் தோட்டா வரைக்கும் அளவு இம்மி பிசகவில்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஓவென்று அழுதாள்.

மார்ச் மாதத்திலிருந்து ஒவ்வொரு சந்தைக்கும் ஆர்டிஸ் வாசலில் அட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் பெயர் எழுதிய தோட்டாப் பெட்டி வைத்திருப்பவர் சுடவேண்டாம் என்று அதில் பெரிதாக எழுதியிருந்தாள். பக்கத்து ஊர்ச் சந்தைகளுக்கும் போனாள், செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தாள், தாடி வைத்தவனையெல்லாம் நிறுத்திக் கேட்டாள். எங்கள் பக்கத்தில் தாடி வைக்காதவன் எவன்? ஒரு ஆள் அட்டையை மேலிருந்து கீழ் வரைக்கும் வாசித்துவிட்டு, "இப்ப விக்க வச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். கோடை முடிவதற்குள் கடைகளுக்குச் சரக்கு வர ஆரம்பித்தது, விலையும் கொஞ்சம் இறங்கியது, கூட்டமும் கரைந்தது. சட்டமும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. அவளுடைய கருவிகள் நிலவறையில் துணி போர்த்திக் கிடந்தன.

நவம்பரில் மான் வேட்டை தொடங்கும் சனிக்கிழமை. லைல் ஆரஞ்சு கோட்டைப் போட்டுக்கொண்டு, கடையில் வாங்கிய தோட்டாவோடு கிளம்பினான். "வரலியா?" என்று கேட்டான். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். காப்பிக் கோப்பையோடு பின்வாசல் படியில் போய் நின்றாள். முப்பது-முப்பது மான் சுடுகிற தோட்டா. வாங்கிப் பதுக்கினவன் அதை இன்றைக்குத்தான் வெளியே எடுப்பான்.

விடிந்ததும் காடு முழுக்கச் சத்தம். படார், படார் என்று வடக்கே இரண்டு. நல்லது, அந்தத் துப்பாக்கி நன்றாக இருக்கிறது. ஏரிக்கரைப் பக்கம் மூன்று. அதுவும் நல்லது. இரண்டாவது சத்தம் கேட்ட இடத்தில் ஆள் பிழைத்திருக்கிறான் என்று அவளாகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டிருந்தாள். அப்போது டெல்மரின் சோளக்காட்டுக்கு அப்பாலிருந்து ஒரு வெடி கேட்டது. ஒன்றுதான்.

நல்ல வேட்டைக்காரனுக்கு ஒரு குண்டே போதும். அது அவளுக்குத் தெரியாதா? அவளே எத்தனை மானை அப்படி வீழ்த்தியிருக்கிறாள். ஆனாலும் படியை விட்டு இறங்கி, செருப்போடு உறைபனிப் புல்லில் வேலி வரைக்கும் நடந்து, அந்தத் திசையையே பார்த்து நின்றாள். கோப்பையில் காப்பி ஆறிப்போயிருந்தது.

"இன்னொரு தடவ சுடுப்பா" என்றாள் வாய்விட்டு. "மான் ஓடிப்போனாப் போகட்டும், மரத்தப் பாத்தாச்சும் ஒரு தடவ சுடு."