மூன்றாவது நூறு

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியைப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் அவர் விதை எண்ண உட்காருவார். கண்ணாடி இல்லாவிட்டால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதெல்லாம் அவருக்குப் புகைமூட்டம். அவருக்கு வேண்டியதும் அதுதான். குவியலுக்குள் கையை விட்டுப் பத்துப் பத்தாக அள்ளி, ஈர மணல் நிரப்பிய தட்டில் வரிசையாக ஊன்றுவார். தட்டுக்கு நூறு விதை. ஒரு மாதிரிக்கு நான்கு தட்டு. முடிந்ததும் திரும்பிப் பார்க்காமலே உள்ளங்கையை நீட்டி, “சாவி” என்பார்.

“கண்ணு இருக்கே, அது பெரிய கள்ளங்க. கொழுத்த விதையாப் பாத்துப் பொறுக்கிரும். நமக்கே தெரியாது.”

விதைப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு முப்பத்தோரு வருடச் சர்வீஸ். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கிறது. அதை யாரும் பயன்படுத்துவதில்லை. காவலாளி முதல் அதிகாரி வரை எல்லோருக்கும் அவர் நானூறக்கா. விதை விற்க விரும்புகிறவர்களின் மூட்டைகளில் குத்தூசி விட்டு எடுத்த மாதிரிகள், பெயர் இல்லாமல், வெறும் எண் எழுதிய துணிப்பைகளில் அவர் மேசைக்கு வரும். ஏழு நாள் கழித்து, நூற்றுக்கு எத்தனை முளைத்தது என்று அவர் எழுதும் எண்தான் மூட்டையின் தலையெழுத்து. மக்காச்சோளம் என்றால் தொண்ணூறு வேண்டும். வராவிட்டால் அது விதை இல்லை, கோழித் தீவனம்.

மூன்று டன் சரக்கை நானூறு மணியை வைத்து எப்படித் தீர்மானிக்கலாம் என்று கேட்டு வாசலில் சண்டைக்கு நிற்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. “எல்லாத்தையும் முளைக்க வச்சுப் பாத்துரலாம். அப்புறம் விதைக்கிறதுக்கு என்னத்த வச்சிருப்பீங்க?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்.

நானூறையும் ஒரே தட்டில் போட்டால் என்ன என்று கேட்பவர்களிடம் கொஞ்சம் அன்பு காட்டுவார். “நாலு தட்டும் நாலு சாட்சி. நாலும் ஏறக்குறைய ஒண்ணையே சொல்லணும். எழுத்துப் பிசகாம ஒண்ணையே சொன்னா, பேசி வச்சிட்டு வந்த சாட்சி.” அவர் தலைக்கு மேலே சுவரில் பழுத்துப்போன ஓர் அட்டவணை ஒட்டியிருக்கிறது. சராசரி இவ்வளவு என்றால், நான்கு தட்டுகளில் கூடியதற்கும் குறைந்ததற்கும் நடுவே இவ்வளவு வித்தியாசம் வரலாம் என்று அதில் இருக்கும். அந்த அளவுக்குள் இருந்தால் அது அதிர்ஷ்டத்தின் சேட்டை, மன்னித்துவிடலாம். தாண்டினால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. சராசரியைக் குப்பையில் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒருமுறை புதுவிதப் பைகளை விற்க ஒருவர் வந்தார். சாக்கில் வைத்த விதை தொண்ணூற்றொன்று, தன் பையில் வைத்தது தொண்ணூற்று மூன்று என்று வண்ணப் படத்தை விரித்தார். நானூறக்கா படத்தைத் தொடவே இல்லை. “ரெண்டு புள்ளிதானே? ஒரே சாக்குல ரெண்டு தடவை எண்ணினாலே ரெண்டு புள்ளி ஆடும். இருபது சாக்கு, இருபது பை, ஆறு மாசம் வச்சுட்டு எடுத்திட்டு வாங்க.” அந்த மனிதர் பிறகு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். அவர் ஓட்டிய தடத்திலேயே தினமும் பயணம் செய்து, பேருந்துக்குக் காத்திருந்த நிமிடங்களை நாட்காட்டியில் குறித்து வைத்த மனைவி இவர். “எட்டு நிமிஷத்துக்கு ஒரு வண்டின்னு போர்டுல போட்டிருக்கு, பொய்யா?” என்று அவர் இன்றைக்கும் மல்லுக்கு நிற்பார். “சராசரி எட்டுதாங்க. ரெண்டு வண்டி ஒண்ணா வந்துட்டு, அடுத்தது பதினாறு நிமிஷம் கழிச்சு வந்தாலும் சராசரி எட்டுதான் வரும். மழையில நிக்கிறது நான்.”

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு யார் பாத்திரம் கழுவுவது என்று காசு சுண்டிப் போடுவார்கள். தொடர்ந்து நான்கு நாள் தோற்ற கணவர், “இன்னைக்குக் கண்டிப்பா எனக்குத்தான் விழும், பாரு” என்று தோளை நிமிர்த்துவார். “நேத்து நீங்க தோத்தது காசுக்கு எப்படிங்க தெரியும்?” என்பார் இவர். ஐந்தாம் நாளும் அவரே கழுவினார். மறுநாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரு தம்பி. ஐம்பது வயதில் கடை வேலையை விட்டுவிட்டு, குத்தகை நிலத்தில் விதைக்கென்று மக்காச்சோளம் போட்டவன். அதுவும் அந்த வட்டாரத்தில் யாரும் போடாத சிவப்பு மணி. அறுவடை முடிந்ததும் அக்காவுக்குத் தொலைபேசினான்.

“அக்கா, என் மூட்டை உங்க ஆபீசுக்கு வருது. நீ ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா சொன்னேன்.”

“சொல்லாமலே இருந்திருக்கலாம்டா.”

மறுவாரம் ஒரு துணிப்பையை அவிழ்த்தபோது உள்ளே சிவப்பு. கண்ணாடி இல்லாமலும் நிறம் தெரிந்தது. இன்னாருடைய விதை என்று தெரிந்துவிட்டால் எழுந்து சொல்லிவிட வேண்டும், வேறு ஆள் எண்ணுவார். நானூறக்கா எழுந்திருக்கவில்லை. முப்பத்தோரு வருடக் கை, அது தப்புச் செய்யாது என்ற கர்வம் அவருக்கு இருந்தது. நான்கு தட்டையும் ஊன்றி முடித்து, “சாவி” என்றார்.

ஏழாம் நாள் தட்டுகளை வெளியே எடுத்தார். முதல் தட்டில் தொண்ணூற்று மூன்று. இரண்டாவதில் தொண்ணூற்றொன்று. நான்காவதில் தொண்ணூற்று இரண்டு. மூன்றாவதில் மட்டும் எழுபத்து நான்கு. சராசரி எண்பத்தேழரை; தம்பியின் உழைப்பெல்லாம் கோழிக்குப் போகும் எண் அது. ஆனால் அந்தச் சராசரிக்குச் சுவர் அட்டவணை மன்னிப்பது பதிமூன்று வித்தியாசம். இங்கே பத்தொன்பது.

பக்கத்து மேசைக்காரர் ஈரப்பதம் பார்ப்பவர். ஆபீசில் எந்த வாய்க்கு எந்தச் செய்தி போகும் என்பதையும் பார்ப்பவர். அவர் எட்டிப் பார்த்தார். “பதிமூணைத் தாண்டிருச்சே. திரும்பப் போட வேண்டியதுதான். மணல்ல தண்ணி கூடிப்போச்சுன்னு எழுதிருங்க, முடிஞ்சது.”

நானூறக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்தார். கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, மூன்றாவது தட்டில் முளைக்காமல் கிடந்த இருபத்தாறையும் ஒவ்வொன்றாகத் தோண்டி ஒரு வெள்ளைத் தாளில் வைத்தார். மணல் பொலபொலவென்றுதான் இருந்தது. இருபத்தாறில் இருபத்து மூன்று, கதிர் நுனியில் பால் பிடிக்காமல் சூம்பிப்போன சின்ன மணிகள். மற்ற தட்டுகளையும் கிளறினார். அவற்றில் சூம்பியவை ஐந்து, ஆறு, ஐந்து. ஒரே பையிலிருந்து கண்ணை மூடி எடுத்த நூறுகளில் அப்படி விழாது. ஆயிரம் தடவை எடுத்தாலும் விழாது.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. முதல் இரண்டு தட்டும் ஊன்றும்போது மணிகள் விரலுக்குக் கொழுகொழுவென்று இருந்தன. தம்பி விதை என்பதால் கை நல்லதாக எடுக்கிறதோ என்று ஒரு பயம் வந்தது. மூன்றாவது தட்டு முழுக்க அந்தப் பயத்தோடுதான் எடுத்தார். நான்காவதற்குள் யாரோ தேநீர் வேண்டுமா என்று கேட்டார்கள், பயம் மறந்துபோயிற்று. கண்ணைப் பூட்டி வைத்தவர் விரலைப் பூட்டவில்லை. தன் தம்பிக்குச் சாதகமாகிவிடக் கூடாது என்று அவனுடைய விதையில் சொத்தையாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

“மணலுக்கு ஒண்ணும் ஆகலைங்க” என்றார்.

“அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. இது யாரோட சரக்குன்னு எனக்கும் காதுல விழுந்துச்சு. நீங்க வேற ஏதாவது எழுதினா, தம்பிக்கு ரெண்டாவது சான்ஸ் வாங்கிக் குடுத்துட்டாங்கன்னு ஆபீசே வாயில போட்டு மெல்லும். மணல்னா யாரும் கேக்கப்போறதில்ல.”

“மெல்லட்டும்.”

பேரேடு அளவுக்குப் பெரிய பரிசோதனைப் பதிவேட்டில், மறுபரிசோதனைக்கான காரணம் என்ற கட்டத்தில், பொடி எழுத்தில் எழுதினார்: ‘விதை யாருடையது என்பது எண்ணியவருக்குத் தெரிந்திருந்தது. அதைத் தெரிவிக்கவில்லை. மூன்றாவது நூறு சீராக எடுக்கப்படவில்லை. பிழை எண்ணியவருடையது.’ கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். “ஓய்வு பெறப் போற நேரத்துல இது வேணுமாக்கா? இது உங்க ஃபைலுக்குப் போகும்.”

“தெரியும் சார். மறுபடி எண்ணும்போது நான் அந்த அறையில இருக்கக் கூடாது. அதையும் எழுதிக்கங்க.”

விதை யாருடையதென்று தெரியாத வேறு பிரிவுக்காரர் ஒருவர் வந்து எண்ணினார். நானூறு எண்ண ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். நானூறக்கா அந்த நேரம் முழுக்க நடைபாதையில் நின்று, ஏற்கனவே படித்த அறிவிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார். அந்த ஏழு நாளும் வீட்டில் காசு சுண்டவில்லை. கேட்காமலே அவர் பாத்திரம் கழுவினார். கணவர் பயந்துபோய், “உடம்புக்கு என்ன?” என்று விசாரித்தார். ஆபீசில் ஜனங்கள் மெல்லத்தான் செய்தார்கள். அவர் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தால் பேச்சு பாதியில் நின்றது.

எட்டாம் நாள் முடிவு வந்தது. தொண்ணூற்றொன்று, தொண்ணூற்று மூன்று, தொண்ணூறு, தொண்ணூற்று மூன்று. அட்டவணைக்கு வேலையே இல்லை. விதை தேறிவிட்டது.

சான்றிதழ் வாங்கத் தம்பி வந்தான். மேசைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினான்.

“ஒரு வாரம் தள்ளிப் போனதுல பாதிப் பேர் வேற இடத்துல விதை வாங்கிட்டாங்கக்கா. பரவாயில்ல, மீதி போயிரும். முதல் தடவை அடிவாங்கிருச்சாமே? வெளியில பேசிக்கிட்டாங்க. நீ உள்ள இருந்ததாலதானே ரெண்டாவது தடவை பாத்தாங்க? எனக்குத் தெரியும்க்கா. நீ வாயத் திறந்து சொல்ல மாட்டே.”

பக்கத்து மேசையில் பேனா நின்றது. நானூறக்கா எழுந்து, அலமாரியிலிருந்து பதிவேட்டை எடுத்து வந்து, அந்தப் பக்கத்தை விரித்துத் தம்பியின் பக்கம் திருப்பினார். எழுபத்து நான்கின் மேல் விரலை வைத்து, அங்கிருந்து காரணக் கட்டம் வரை மெதுவாக நகர்த்திக் காட்டினார்.

“படி.”

அவன் தலையைப் பின்னுக்கு இழுத்தான். பதிவேட்டைத் தூரத்தில் தள்ளிப் பார்த்தான், பக்கத்தில் இழுத்துப் பார்த்தான். “பொடி எழுத்தா இருக்குக்கா. கண்ணாடி எடுத்திட்டு வரல. நீயே சொல்லிரேன், என்ன போட்டிருக்கு?”

நானூறக்கா தன் கண்ணாடியைக் கழற்றினார். இழுப்பறையைத் திறக்கவில்லை. புடவைத் தலைப்பால் இரண்டு பக்கமும் துடைத்து, மேசைக்கு மேலே எட்டி, தம்பியின் மூக்கில் மாட்டிவிட்டார்.