கும்ஓக்கின் ஆமென்

பியோ கும்ஓக் குன்சான் துறைமுகச் சந்தையில் முப்பது வருடம் கருவாடு விற்றவர். எங்கள் சபையில் அவருக்கு க்வொன்சா பட்டம். நோயாளிகளைப் போய்ப் பார்க்கவும் அவர்களோடு ஜெபிக்கவும் வயதில் மூத்த பெண்களைச் சபை வாக்களித்துத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற பொறுப்பு அது. அவர் பேச்சில் கெட்டிக்காரர் அல்ல. வேதத்தை எவ்வளவு புரிந்துகொண்டார் என்றும் என்னால் சொல்ல முடியாது. சொன்ன நேரத்துக்கு வருவார், சொன்னதைச் செய்வார்.

கடையை மருமகளிடம் விட்ட பிறகு புதன்கிழமைதோறும் சபையின் முதியோர் இல்லத்துக்குப் போனார். பாட்டுக்கு வாத்தியம் வாசிக்க நானும் கூடப் போவேன். இரண்டாம் மாடியில் மறதி நோய் வந்தவர்கள் பதினோரு பேர். பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருப்பவர்கள்கூட நாலு பாட்டை ஒரு சொல் விடாமல் பாடுவார்கள். பாடி முடித்ததும் மதியச் சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்பவர் அந்தப் பதினோரு பேரில் ஒருவரான தக் யோங்பே மூப்பர்.

அவர் இருபத்தெட்டு வருடம் எங்கள் சபையில் மூப்பராக இருந்து, ஞாயிறு ஆராதனையில் எல்லார் சார்பிலும் ஜெபித்தவர். முதலில் நாடு, அடுத்து சபை, போதகர், பிறகு நோயாளிகள் என்று ஒரு வரிசை வைத்திருந்தார். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கேட்பவர்கள் உரக்க ஆமென் சொல்ல வேண்டும். எங்கள் ஜெபம் அப்படித்தான் நடக்கும். பெற்ற மகளின் பெயர்கூட மறந்துபோன பிறகும் அந்த வரிசை அவருக்கு மறக்கவில்லை.

சிக்கல் நோயாளிகளிடம் வரும்போது தொடங்கும். தன் மனைவி வோல்சுன்னின் இடுப்பு ஆபரேஷன் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று கேட்பார். வோல்சுன் இறந்து ஆறு வருடமாகிறது.

முதல் புதன்கிழமை கும்ஓக் உண்மையைச் சொன்னார். அன்றுதான் செய்தி வந்ததுபோல் மூப்பர் அழுதார். அடுத்த புதன்கிழமை அதே ஆபரேஷனுக்காக ஜெபித்தார். இன்னொரு முறை அவரை அழவைக்க கும்ஓக்குக்கு மனமில்லை. ஆமென் சொல்லவும் முடியவில்லை. பேசாமல் இருந்தார். மற்றவர்கள் அவர் வாயைப் பார்த்து ஆமென் சொல்பவர்கள், அவர்களும் பேசவில்லை. மூப்பர் தலையைத் தூக்கிப் பார்த்தார். யார் காதிலும் விழவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடி நாட்டிலிருந்து ஆரம்பித்தார்.

ஜெபம் முடியாமல் அவர் கரண்டியைத் தொடமாட்டார். தனியாக ஊட்டினாலும் வாயைத் திறக்கமாட்டார். ஆமென் எடுத்துக்கொடுக்க ஆளில்லாமல் வேறு நாட்களிலும் இதே கதை என்று செவிலியர் சொன்னார். ஒரு மாதத்தில் நாலு கிலோ இறங்கிவிட்டது.

"மூணு தடவ குழம்பச் சூடு பண்ணிட்டேன், க்வொன்சாம்மா. ஆறாம இருக்கறது அவரோட ஜெபம் ஒண்ணுதான்" என்றார் சமையல்காரம்மா.

ஒரு ஆமென்தானே என்று தோன்றலாம். இறந்தவர்களுக்காக எங்கள் சபையில் எதுவும் கேட்பதில்லை. அதைக் கும்ஓக்குக்குச் சொல்லிக் கொடுத்ததே இந்த மூப்பர்தான். பத்தொன்பது வருடத்துக்கு முன் கும்ஓக்கின் கணவர் கில்ஹோ கல்லீரல் கெட்டு, வயிறு வீங்கி இறந்தார். அந்த மாதம் தன் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்தில், போன இடத்தில் கணவருக்கு வலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்ஓக் வேண்டிக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் மூப்பர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். கோபப்படவில்லை.

"போனவங்களுக்காக நன்றி சொல்லலாம்மா. எதுவும் கேக்கக் கூடாது. கேட்டா, ஆண்டவர் பாத்துக்கமாட்டார்னு நாம நினைக்கறதா ஆயிடும்."

அந்த வாதத்தை நான் பல வருடம் யோசித்திருக்கிறேன், இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. கும்ஓக் யோசிக்கவில்லை, கீழ்ப்படிந்தார். அதற்குப் பிறகு தன் ஜெபத்தில் கில்ஹோவின் பெயரை அவர் எடுத்ததே இல்லை.

இலையுதிர் காலத்தில் மூப்பரின் மகள் ஹேரிம் வந்தாள். ஜொன்ஜுவில் ஒரு போதகரின் மனைவி. எடை குறைந்ததைக் கேள்விப்பட்டுத்தான் வந்தாள். ஆனால் ஆமென் சொல்லிவிடலாமா என்று கும்ஓக் கேட்டபோது ஒப்பவில்லை.

"அப்பாவுக்கு நினைவு இருந்தா, முதல்ல உங்களத்தான் கண்டிப்பார். வாழ்நாள் பூரா வேண்டாம்னு சொன்னத, ஒண்ணும் தெரியாதப்ப அவரயே செய்ய வைக்கணுமா?"

"அவர் சாப்பிடல, போதகரம்மா" என்றார் கும்ஓக்.

அந்தப் புதன்கிழமை ஹேரிம் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜெபம் வோல்சுன்னிடம் வந்தது. யாரும் பேசவில்லை. நாட்டிலிருந்து இரண்டாம் முறை. மூன்றாம் முறை குரல் கம்மிப்போய், வோல்சுன் என்ற பெயரோடு நின்றது. மூப்பர் கண்ணைத் திறந்து மேசையைச் சுற்றிப் பார்த்தார்.

"இங்க யாரும் இல்லையா?"

கும்ஓக் ஆமென் சொன்னார். மற்றவர்களும் சொன்னார்கள். ஹேரிம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெபம் அதோடு முடியவில்லை. வேறு யார் வீட்டிலாவது நோய் உண்டா என்று கேட்டுவிட்டு முடிப்பது மூப்பரின் பழைய வழக்கம். இத்தனை வாரம் அந்த இடம்வரை அவர் வந்ததில்லை. இப்போது கும்ஓக்கைப் பார்த்துத் திரும்பினார்.

"உங்க வீட்டுக்காரருக்கு வயித்து வீக்கம் இறங்கிச்சாம்மா?"

கும்ஓக்குக்குப் பொய் வராது. உண்மையைச் சொல்லும் எண்ணமும் இல்லை. "அவர் பேரு கில்ஹோ, மூப்பரய்யா" என்றார்.

"ஆண்டவரே, கில்ஹோவுக்கு வலி இல்லாம இருக்கட்டும்."

எல்லாரும் ஆமென் சொல்லி முடித்த பிறகு கும்ஓக்கின் ஆமென் தனியாக வந்தது. ஹேரிம் அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு குழம்புக் கிண்ணத்தை அப்பாவின் பக்கம் நகர்த்தி, கரண்டியை அவர் கையில் வைத்தாள். மூப்பர் சாப்பிட்டார். முள்ளங்கி கிம்ச்சி இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றார்.

ஹேரிம் அதை ஒப்புக்கொண்டாள் என்று சொல்லமாட்டேன். ஊருக்குக் கிளம்பும்போது, மற்ற நாட்களில் சாப்பாட்டு ஜெபத்துக்கு யார் இருப்பார்கள் என்று மட்டும் கேட்டாள். தான் வருவதாகக் கும்ஓக் சொன்னார். தினமும் மதியம் வரத் தொடங்கினார். மூப்பரின் எடை மெல்ல ஏறியது.

கும்ஓக் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வீட்டு ஜெபத்திலும் இப்போது கணவர் பெயரைச் சொல்கிறாரா என்று ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் கேட்டேன்.

"சொல்றதில்ல. கேக்கக் கூடாதுன்னு மூப்பர் சொல்லியிருக்காரே" என்றார். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "இல்லத்துல அவராவே கேக்கறாரு. நான் ஆமென் மட்டுந்தான் சொல்றேன்."