தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

ராயபுரத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸம்மா கேட்டது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "பிள்ளைக்குத் தாய் யாரு?" என்றாள். பிள்ளை என் பெண்சாதி கையில் இருந்தது. மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே போய் வந்தது. அவள் பக்கத்தில் நின்ற பாய் வீட்டு அக்காவிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். அக்கா, "நான்தாம்மா" என்றாள்.

ஏன் என்று சொல்ல வேண்டும். எங்களுக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. காசிமேட்டு இடுகாட்டில் நானே குழி தோண்டி வைத்தேன். மூன்றாவது பிறந்ததும் எங்கள் ஜனம் செய்கிற மாதிரி தவிட்டுக்குக் கொடுத்தோம். வாங்குகிறவள் முறத்தில் தவிடு கொடுப்பாள், பெற்றவள் பிள்ளையைக் கொடுப்பாள். அப்புறம் பிள்ளை பெற்றவளுடையது இல்லை. சாவு தேடி வந்தாலும், இந்த வீட்டில் பிள்ளை இல்லை என்று திரும்பிவிடும் என்பது நம்பிக்கை. பால் கொடுப்பதும் வளர்ப்பதும் பெற்றவள்தான். 'என் பிள்ளை' என்று மட்டும் வாயால் சொல்லக் கூடாது. வாங்கின அக்கா தண்டையார்பேட்டையில் எங்களுக்கு அடுத்த வீடு. அவள் புருஷனுக்குத் தோல் மண்டியில் வேலை. பேரன் பேத்தி எடுத்தவள். தவிடு கொடுத்த அன்றைக்கு, "மாட்டுக்கு வெச்சிருந்தத இந்தக் கறுப்பனுக்குக் குடுத்துட்டேன், மாடு என்னைத் திட்டுது" என்று சிரித்தாள். கைக்குழந்தையாக இருக்கும்போதே அவனுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. நாட்டு மருந்துக்கு அடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

வார்டுக்குள் தாய் மட்டும்தான் இருக்கலாம் என்றார்கள். அக்கா உள்ளே போனாள். பெற்றவள் கேட்டுக்கு வெளியே நின்றாள். நான் துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கிறவன். தேய்த்துக் குளித்தாலும் உடம்பில் கரி போகாது. சளி கட்டின பிள்ளை கிட்டே வராதே என்று என்னை ஜன்னலோடு நிறுத்திவிட்டார்கள். பிள்ளைக்கு மார்பைச் சுற்றிப் பஞ்சு வைத்துச் சட்டை போட்டிருந்தது. கட்டிலைத் துணியால் மூடி, உள்ளே வெந்நீர் ஆவி விட்டார்கள். டப்பாப் பாலைக் கரைத்துக் கரண்டியால் ஊட்டினார்கள். எல்லாவற்றையும் கக்கியது.

மறுநாள் டாக்டரம்மா வந்து பார்த்தாள். தாய்ப்பால் போகாவிட்டால் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் கேட்டுக்கு வந்தேன். என் பெண்சாதியின் மாராப்பு பாலில் நனைந்து போயிருந்தது.

"உள்ளாற போயி நீதான்னு சொல்லு" என்றேன்.

"சொன்னா புள்ள பூடும்."

"சொல்லாங்காட்டியும் பூடும்."

"என் வாயால சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே."

இரண்டைப் பறிகொடுத்தவளிடம் என்ன நியாயம் பேசுவது? எனக்கு அந்த நம்பிக்கை பாதி உண்டு, பாதி இல்லை. ஆனால் நான் சொல்லி, பிள்ளையும் போய்விட்டால், அப்புறம் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? ஜன்னலுக்கே திரும்பி வந்தேன். உள்ளே நர்ஸம்மா அக்காவிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா திருநெல்வேலிப் பக்கம்.

"தாயின்னு சொல்லுத. பாலு இல்லைன்னும் சொல்லுத. பின்ன இது எப்படிப் பொறந்துச்சு?"

"இன்னாம்மா, பேஜாரு பண்றே. என் தலைல கீற நரையப் பாரு. இந்த வயசுல எனுக்குப் பாலு எங்கேந்து வரும்? கேட்டாண்ட ஒருத்தி நின்னுகினு கீறா. அவளக் கூப்புடு. பாலு வழியுது அவளுக்கு."

"அவ யாரு?"

"எனுக்கு வேண்டியவ. பால்காரின்னு வெச்சிக்கயேன்."

பெற்றவள் பால்காரியாக உள்ளே போனாள். பிள்ளைக்கு உறிஞ்சத் தெம்பில்லை. சொட்டுச் சொட்டாக வாயில் பீய்ச்சினாள். கொஞ்சவில்லை, முகத்தோடு முகம் வைக்கவில்லை. யார் வீட்டுப் பிள்ளையையோ வைத்திருக்கிற மாதிரி வைத்திருந்தாள். கொஞ்சினதெல்லாம் அக்காதான். கொடுத்து முடிந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அடுத்த தடவை கூப்பிடும் வரை கேட்டில் நிற்பாள். இப்படியே நாள் போனது. ஒரு காலை வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டது. அதற்கப்புறம் அவளைக் கண்டதும் காலை உதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். "பால்காரியைப் பாத்ததும் துள்ளுத துள்ளைப் பாரு" என்று நர்ஸம்மாவே சிரித்தாள்.

வீட்டுக்கு அனுப்பின அன்றைக்கு நர்ஸம்மா பிள்ளையை அக்கா கையில் கொடுத்தாள். பிறகு என் பெண்சாதியைப் பார்த்து, "நீதாம்மா இவனைப் பொழைக்க வெச்ச. இத்தனை நாளும் உம்பிள்ளைக்கு யாரு பாலு குடுத்தா? உம்பிள்ளை எங்க?" என்று கேட்டாள்.

"செத்துப்பூட்சும்மா" என்றாள் என் பெண்சாதி.

நர்ஸம்மா அவள் தோளைத் தொட்டாள். வார்டுக்குள் போய்விட்டாள். என் பெண்சாதி சொன்னது பொய் இல்லை. காசிமேட்டில் இரண்டு இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லும்போது அவள் கண் அக்கா கையிலேயே இருந்தது.

அவனுக்கு இப்போது மீசை வந்துவிட்டது. எனக்கு முதுகு போய்விட்டதால் அவன்தான் துறைமுகத்துக்குப் போகிறான். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதில் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தோம். அந்த வருஷம் ஊரில் அம்மை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாள் என் பெண்சாதி. அப்படியே தள்ளிப் போனது. "குடுத்துட்டு இட்டுகினு போடி, எங்க வூட்லயும் வந்து துன்றான்" என்று அக்கா இன்னும் கேலி செய்கிறாள். இவள், "இருக்கட்டுங்க்கா" என்பாள்.

அவன் இவளை அம்மா என்றுதான் கூப்பிடுகிறான். இவள் எழுந்து போய்ச் சோறு போடுவாள். ஒரு நாளும் மகனே என்றதில்லை. கப்பல் வந்து அவனுக்கு வேலை நீண்டுவிட்டால் தெருமுனையில் போய் நிற்பாள். போகிறவர்கள் யாராவது கேட்டால், "பக்கத்து வூட்டுப் புள்ள இன்னும் வர்ல" என்பாள்.