இருக்குதா மாப்ளே?

பழவேற்காட்டுக் கோட்டைக்கு எதிர்க்கரையில், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த மணல்மேட்டில் நாற்பது வீடுகள் இருந்தன. சித்திரை மாதம் முதல் வெள்ளிக்கிழமை அந்தக் குப்பத்தில் பாடு பிரிப்பார்கள். ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று ஓலைச்சீட்டுப் போட்டு முறை வைப்பதுதான் பாடு. பாட்டில் பெயர் இருக்கிறவன் ஊர்க்காரன். பெயர் இல்லாதவன் அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்திருந்தாலும் வந்தேறிதான்.

சீட்டுப் பானையில் கை விடுவதற்கு முன்னால் ஊர்ப் பெரியதனக்காரன் எல்லப்பன் தலையைத் திருப்புவான். கூட்டத்துக்கு வெளியே, பூவரச மரத்தடியில் ஒருவன் தனியாக நின்றுகொண்டிருப்பான்.

"இருக்குதா மாப்ளே?"

"இருக்குது மச்சான்."

அவ்வளவுதான் பேச்சு. திருவேங்கடம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோணிக்குப் போய்விடுவான். அவன் பெயர் இல்லாமலே சீட்டுப் போடுவார்கள். இப்படிப் பதின்மூன்று வருஷம் நடந்தது. ஒரே ஒரு தடவை 'இல்லை' என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்திருப்பார்கள். யாரும் போய்ப் பார்த்துவிட்டு வரப்போவதில்லை. ஆனால் சிலருக்குப் பாட்டு வராது, சிலருக்குக் கணக்கு வராது. இந்த ஆளுக்குப் பொய் வராது. வாய் வரைக்கும் வரும், அதற்குமேல் வராது.

இருக்கிறது என்று அவன் சொன்னது சப்பாத்திக்கள்ளியை.

அந்தக் கள்ளியை ஊருக்குள் கொண்டுவந்தவனே அவன்தான். அப்போது கோட்டை ஒல்லாந்தர் கையில் இருந்தது. கோட்டைத் தோட்டத்தில் வேலை பார்த்த சின்னப்பன், கப்பலில் தொட்டியோடு வந்து இறங்கிய ஒரு முள்செடியை வேலியாக வைத்து வளர்த்திருந்தான். ஆடு நுழையாது, நாய் நுழையாது. திருவேங்கடத்துக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம். மணலில் காயப்போட்ட கருவாட்டில் பாதி நாய்க்கும் பன்றிக்கும் போனது. மீதிப் பாதியைக் காப்பாற்ற அவன் பெண்சாதி திரௌபதி கையில் கம்போடு நாள் முழுக்க வெயிலில் நின்றாள். புதுப்பெண் கறுத்துப் போனாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவன் சின்னப்பனிடம் போய் இரண்டு மடல் கேட்டான்.

"தண்ணி ஊத்த வேணாம், எரு வேணாம்" என்றான் சின்னப்பன். "நட்டுட்டுத் திரும்பிப் பாக்காத. அது பாட்டுக்கு வரும்."

அது பாட்டுக்கு வந்தது. அதுதான் வினையாகிப் போனது. முதலில் ஊரே சிரித்தது. "இன்னாடா இது, மாப்ள கருவாட்டுக்குக் கோட்டை கட்டுறான்!" என்று எல்லப்பனே கேலி செய்தான். அவன் திரௌபதியின் அண்ணன், கேலி செய்ய உரிமையுள்ளவன். அடுத்த வருஷம் திருவேங்கடத்தின் கருவாடு மட்டும் முழுசாக இருந்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வீடு வந்து மடல் கேட்டார்கள். அவனும் கேட்டவர்களுக்கெல்லாம் ஒடித்து ஒடித்துக் கொடுத்தான். ஊருக்கு நல்லது செய்கிறோம் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம்.

ஆறேழு வருஷத்தில் கள்ளி வேலியை விட்டு இறங்கி வலை உலர்த்தும் மணலுக்கு வந்துவிட்டது. வலையை விரித்தால் முள்ளில் மாட்டிக் கிழிந்தது. கிழிசலையாவது தைத்துவிடலாம். அந்தச் செடியில் கண்ணுக்குத் தெரியாத சுணை ஒன்று உண்டு. அது நூலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் கழுவினாலும் போகாது. அந்த வலையை இழுத்தவன் கையெல்லாம் வீங்கியது. நல்ல இறால் வரத்து இருந்த ஒரு பருவம் முழுக்க, பாதி ஆண்பிள்ளைகள் கையில் விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஊர் கூடி மூன்று நாளில் எல்லாக் கள்ளியையும் வெட்டித் தள்ளியது. வெட்டியதை எங்கே போடுவது என்று கேள்வி வந்தது. "ஏரில தள்ளுங்கடா, உப்புத்தண்ணி தின்னுடும்" என்றான் எல்லப்பன். மீன்பிடிக்கிறவர்களுக்கு அதைவிட நியாயமான யோசனை எது? வேண்டாததையெல்லாம் ஏரிதான் தின்கிறது. கூடை கூடையாகத் தள்ளினார்கள்.

மடல் முழுகவில்லை. மிதந்தது. காற்று எந்தப் பக்கம் அடித்ததோ அந்தப் பக்கம் போனது. அடுத்த வருஷம் நடு ஏரியின் திட்டுகளில் எல்லாம் கள்ளி முளைத்து நின்றது. இருக்கம் தீவில் முளைத்தது, ஆரம்பாக்கத்துக் கரையில் முளைத்தது. எட்டுக் குப்பத்து ஆட்கள் தோணி கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தார்கள். "உங்க ஊரு முள்ளை எங்க ஊட்டு வாசலுக்கு அனுப்பிச்சிங்களா?" என்று கேட்டார்கள். ஊருக்கு ஒரு தலை வேண்டியிருந்தது. ஏரியில் தள்ளச் சொன்ன தலை பெரியதனக்காரனுடையது, அதைத் தொட முடியாது. கொண்டுவந்த தலை கைக்குச் சுலபமாக அகப்பட்டது.

கடைசி மடல் ஏரியை விட்டுப் போகும்வரை திருவேங்கடத்துக்குப் பாட்டில் இடமில்லை என்று தீர்ப்பானது. பாட்டில் இடமில்லாதவன் பெரியதனக்காரன் வீட்டு வாசற்படி மிதிப்பதில்லை என்பது ஏற்கெனவே ஊர் வழக்கம். போய்விட்டதா என்று யார் பார்ப்பது என்று ஒருவன் கேட்டான். "அவனே பாத்து அவனே சொல்லட்டும்" என்றான் எல்லப்பன். தங்கை புருஷன் மேல் இருந்த பாசத்தில் ஒரு சந்து விட்டுவைத்தான் என்றுதான் தோன்றுகிறது. அடுத்த வருஷமே 'இல்லை' என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுவான் என்று நினைத்திருப்பான். பாவம், தன் மாப்பிள்ளையை அவனுக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது. ஏரியில் தள்ளச் சொன்னது யார் என்று திருவேங்கடம் அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை, பிறகும் திறக்கவில்லை. திரௌபதிக்கு அண்ணன் என்று இருந்தது ஒருவன்தான்.

வெட்டினால் துளிர்த்தது. புதைத்தால் முளைத்தது. பச்சையாகக் கொளுத்தினால் தீ அணைந்தது. இரண்டு வருஷம் இப்படிப் போராடிவிட்டு, ஒருநாள் தன் கையையே பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஈரமுள்ளதைக் காயவைக்கத் தெரியாதவனா அவன்? மூங்கில் இடுக்கியால் மடலை எடுத்து, மீனைக் கீறுகிற மாதிரி நடுவே கீறி, தரையில் படாமல் பரண் கட்டிக் காயப்போட்டான். இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டான். பதினைந்து நாள் வெயிலில் அது கருவாடாகச் சுருங்கியது. பிறகு கொளுத்தினால் குப்பென்று எரிந்தது. கருவாட்டைக் காக்க வேலி வைத்தவன், கடைசியில் வேலியையே கருவாடு போட்டுக்கொண்டிருந்தான்.

சிவப்பாகப் பழுக்கிற அதன் பழம்தான் பெரிய எதிரி. குருவி தின்றுவிட்டு எங்கே எச்சமிடும் என்று யார் கண்டது? அதனால் பழுக்கும் முன்பே எல்லாத் திட்டுக்கும் போயாக வேண்டும். வீச்சுவலையில் கிடைத்ததைச் சுட்டுத் தின்றுவிட்டுத் திட்டிலேயே படுத்துக்கொள்வான். சில சமயம் ஒரு வாரம் யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டான். கரைக்கு வந்து யாராவது 'இன்னாய்யா' என்றால் பதில் சொல்லத் தொண்டை செருமிக்கொள்ள வேண்டியிருந்தது. நடுவில் சண்டை வந்து கோட்டையில் இங்கிலீஷ்காரன் கொடி ஏறியது. நாலு வருஷம் கழித்து ஒல்லாந்தர் கொடியே மறுபடி ஏறியது. அவன் கள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தான். மற்றக் குப்பத்துக்காரர்கள் சண்டையை மறந்து, எங்காவது முளை கண்டால் அவனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். சொந்த ஊரில் மட்டும் அந்தச் செடிக்கு வேங்கடத்தான் கள்ளி என்று பெயர் வந்துவிட்டது. குழந்தைகள் அவன் எதிரிலேயே அப்படிச் சொன்னார்கள்.

மகள் செல்வம்மாளை எல்லப்பனின் மகனுக்கே கட்டினார்கள். முறைமாப்பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கல்யாணம் பெரியதனக்காரன் வாசலில். திருவேங்கடம் அன்று நடு ஏரியில் ஒரு திட்டில் உட்கார்ந்து மேளச் சத்தத்தைக் கேட்டான். தண்ணீர் மேல் சத்தம் நன்றாகவே வந்தது. தாலி கட்டும்போது மேளம் வேகமெடுக்கும் அல்லவா, அதை வைத்துத் தெரிந்துகொண்டு அங்கிருந்தே கையெடுத்துக் கும்பிட்டான். மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போன திரௌபதி அந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். கோபமெல்லாம் இல்லை. காலி வீட்டில் அவள் மட்டும் உட்கார்ந்து யாருக்குச் சமைப்பது?

பதினான்காவது வருஷம் அவன் எல்லாத் திட்டுகளையும் மூன்று தடவை சுற்றினான். ஒரு முளை இல்லை. பங்குனி முழுக்கத் தேடினான். இல்லை. பாடு பிரிப்பதற்கு முதல்நாள் திரௌபதி அவன் குடிசைக்கு வந்து வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டாள்.

"நாளைக்குச் சொல்லிடுவியா?" என்றாள்.

"சொல்லிடுவேன்" என்றான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தண்ணீர்த் தவலையைத் தூக்கி வைக்கும்போது அவன் 'இல்லை, இல்லை' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டது அவளுக்குக் கேட்டது.

மறுநாள் ஊருக்கே விஷயம் தெரிந்திருந்தது. வரிசையில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். எல்லப்பன் குரலே அன்று இளகியிருந்தது.

"இருக்குதா மாப்ளே?"

திருவேங்கடம் வாயைத் திறந்தான். அந்த நேரம் செல்வம்மாளின் நாலு வயது மகள் பெண்கள் பக்கத்திலிருந்து ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். "தாத்தா" என்று அண்ணாந்து சிரித்தாள். உதடு, நாக்கு, பல் எல்லாம் கருஞ்சிவப்பு. வெற்றிலைச் சிவப்பு வேறு, இந்தச் சிவப்பு வேறு. ஏரியில் அவனைவிட நன்றாக அதை அறிந்தவன் யாருமில்லை. அவன் பதினான்கு வருஷமாக நுழையாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

குழந்தையின் வாயைத் தன் துண்டால் துடைத்துவிட்டான்.

"இருக்குது மச்சான்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. "எங்க இருக்குது?" என்று யாரோ கத்தினார்கள். திருவேங்கடம் மரத்தடியை விட்டு நகர்ந்தான். இடுக்கியையும் கூடையையும் எடுத்துக்கொண்டு, சீட்டுப் போட்டு முடியும்வரை தோணியில் உட்கார்ந்திருந்தான். பிறகு எல்லப்பன் வீட்டுக் கொல்லைப் பக்கம் போய் நின்றான். திரௌபதி படலைத் திறந்துவிட்டாள். ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் இடுப்புயரத்துக்கு ஒரே ஒரு கள்ளி நின்றிருந்தது, பழம் பழுத்து.

அவன் பாதி பிடுங்கியபோது எல்லப்பன் பின்னால் வந்து நின்றான்.

"ஆடு வெளிய போவாம இருக்கட்டும்னு ஒரே ஒரு மடல் வெச்சேன் மாப்ளே."

"நானும் அதுக்குத்தான் வெச்சேன் மச்சான். நாய் உள்ள வராம இருக்கட்டும்னு."

"ஊருக்குச் சொல்லாத. இல்லைனு சொல்லு, சாயந்தரமே உம் பேரைச் சேத்துடறேன்."

திருவேங்கடம் மண்ணைக் கிளறி வேர் துண்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்தான். "எத்தினி பழத்தை எந்தக் குருவி தூக்கினு போச்சோ தெரியல. அடுத்த வருசம் கேளு" என்றான்.

அந்த வருஷம் அவனுக்கு முழுசாகக் கிடைக்கவில்லை. மாசியில் இருக்கம் பக்கத்து ஆட்கள், ஒரு திட்டில் இரண்டு நாளாக அவன் தோணி அசையாமல் நிற்பதைப் பார்த்துக் கிட்டே போனார்கள். பரணுக்குக் கீழே நிழலில் படுத்தபடி இருந்தான். கூடையில் விரல் நீளத்துக்கு இரண்டு முளை. அவனை அவன் தோணியிலேயே கொண்டுவந்தார்கள். எட்டுக் குப்பத்து ஆட்களும் பிணம் எடுப்புக்கு வந்தார்கள். அவனுக்கு இத்தனை பேரைத் தெரியும் என்பதே சொந்த ஊருக்கு அன்றுதான் தெரிந்தது.

சித்திரை வந்தது. ஊர் கூடியது. எல்லப்பன் பானையில் கை விடுவதற்கு முன்னால் பழக்கத்தில் பூவரச மரத்துப் பக்கம் தலையைத் திருப்பிவிட்டான்.

"இருக்குதா மா..."

மரத்தடியில் யாரும் இல்லை. இருக்கிறதா, இல்லையா என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஏரி முழுக்கக் கேட்டாலும் சொல்ல ஆளில்லை. எல்லப்பன் கை பானைக்கு மேல் அப்படியே நின்றது.

பெண்கள் பக்கத்திலிருந்து திரௌபதி எழுந்து போய் மரத்தடியில் நின்றாள். பாடு பிரிக்கும் இடத்தில் பெண்கள் பேசுவதில்லை.

"தெரியல அண்ணே" என்றாள். "பாத்துட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் சீட்டைத் தொடாத."

கூடையும் இடுக்கியும் தோணியிலேயே கிடந்தன. அவள் ஏறிக் கழியை ஊன்றினாள். பழக்கமில்லாத கை, முதல் தள்ளலிலேயே தோணி பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. மறுபடி ஊன்றினாள். மறுபடி திரும்பியது. கரையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

எல்லப்பன் பானையைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.